நாளைக்கு வாசிக்கக் கூடாத பெயர்

வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் ஓடினேன். காலில் செருப்பு இல்லை. அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் செம்மஞ்சள் பூனை, வயிற்றைப் புல்லோடு தேய்த்தபடி, பறவைத் தீனிக் கம்பத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கம்பத்தடியில் ஒரு கொழுத்த குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பூனையைத் திரும்பிப் பார்க்க அதற்கு நேரமில்லை. அவ்வளவு பசி.

"அடியுங்கோ அம்மா, அடியுங்கோ," என்று மேப்பிள் மரத்துக்குப் பின்னால் நின்று ஜெனாட் கத்தினாள்.

அடித்தேன். அடி புல்லில்தான் விழுந்தது. பூனை வேலி பாய்ந்து போனது. குஞ்சு அப்போதும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

சுவாமி, இங்கே இருந்துதான் தொடங்க வேண்டும். நாளை, இறந்தவர்களுக்கான சகல ஆத்துமாக்கள் பூசையில் என் தங்கை சஜிதாவின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டேன். ஏன் என்றீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் இருக்கிறது. ஆனால் அந்த வரியை மட்டும் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். முழுதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாம். அங்கே சொன்னால் நீங்கள் வெளியே வாய் திறக்க முடியாது. அதனால்தான் அங்கே போகவில்லை. கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில், தேத்தண்ணிக் கேத்திலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். இதை நீங்கள் வேறு ஆட்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அந்த வாய் இல்லை.

ஜெனாட் நான் பெற்ற பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சஜிதாவின் மகள். சஜிதாவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மூன்று வருடத்துக்கு முன், நான் மடுமாதா திருவிழாவுக்குப் போனபோது, நாடு மறுபடியும் கெட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்ற நேர்த்தியோடு போனேன். திரும்பி வரும்போது என் கையில் ஒரு பிள்ளை இருந்தது. மாதா இப்படியும் தருவா என்று நினைத்தேன். ஆனால் சஜிதா சொல்லித்தான் தந்தாள்: "பிரச்சினை முடியுமட்டும் வைச்சிருங்கோ அக்கா. முடிஞ்ச உடன எனக்குத் தாங்கோ."

எப்படி இங்கே கொண்டுவந்தோம் என்பதை விடுங்கள். அந்தக் கதை உங்கள் பங்கில் பாதி வீடுகளில் இருக்கிறது.

வந்த முதல் குளிர்காலம் பிள்ளை சாப்பிடவில்லை. சோற்றை வாய்க்குள் வைத்துக்கொண்டே இருப்பாள், விழுங்கமாட்டாள். பக்கத்து வீட்டு மதாம் ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அடுத்த நாள் ஒரு தீனிப்பெட்டியும் ஒரு பை சூரியகாந்தி விதையும் கொண்டுவந்து தந்தார். என் கணவர் அருமைநாதன் குசினி யன்னலுக்கு நேரே கம்பம் நட்டு அதைத் தொங்கவிட்டார். "டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில வீடு வாங்கினது குருவிக்குச் சாப்பாடு போடத்தான் எண்டு இப்ப விளங்குது," என்று பகிடி விட்டார்.

அந்தப் பெட்டிதான் என் பிள்ளையைச் சாப்பிட வைத்தது. கோடை தொடங்க, சிவப்புக் கார்டினல் பறவை தன் குஞ்சைக் கூட்டிக்கொண்டு வரும். தகப்பன் பறவை விதையின் கோதை உடைத்து, பருப்பை எடுத்து, குஞ்சின் வாய்க்குள் வைக்கும். குஞ்சு சிறகை நடுக்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்கும். நான் ஜெனாட்டை யன்னலோரம் இருத்தி, "அதுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்," என்பேன். அது விழுங்கினால் இவள் விழுங்குவாள். அது பறந்து போனால் என் பாடு கஷ்டம்.

இப்படித்தான் வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தாள், பல் விழுந்தது, பல் முளைத்தது. முதலில் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். எப்போதோ ஒரு நாள் அந்தப் 'பெரிய' உதிர்ந்து விழுந்தது. அதை நான் பிடுங்கவில்லை. பொறுக்கி எடுத்து ஒட்டவும் இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சஜிதா தொலைபேசி எடுப்பாள். ஜெனாட் என் கையிலிருந்து ரிசீவரைப் பறித்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். தாயின் குரலைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது நான் மறுபடியும் பெரியம்மா ஆகியிருப்பேன். செவ்வாய் புதன் வரை அப்படித்தான். பிறகு மெல்ல மெல்ல அம்மா ஆவேன். அடுத்த ஞாயிறு வரும்.

பிறகு சண்டை முற்றியது. சஜிதா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போனாள். போன வருடக் கடைசியோடு அழைப்பு நின்றது. மேசைக்குக் கீழே யாரும் போகவில்லை. நான் செபமாலை சொன்னேன், சுவாமி. அவள் குரல் கேட்க வேண்டும் என்றுதான் மன்றாடினேன். முழங்காலை விட்டு எழும்பும்போது, கேட்காமல் விட்டாலும் பரவாயில்லை என்று ஓர் எண்ணம் ஓடும். அதை நான் துரத்தவில்லை. பூனையைத்தான் துரத்தினேன்.

இந்தக் கோடையில் தீனிப்பெட்டிக்கு ஒரு விசித்திரமான சோடி வந்தது. செந்தொப்பி போட்டதுபோல் ஒரு சின்னச் சிட்டு. அதன் பின்னால் அதைவிட இரண்டு மடங்கு பெரிய, சாம்பல் நிறக் குஞ்சு. சிட்டு கீழே சிந்திய தினையைப் பொறுக்கும், குஞ்சு கத்தும். ஊட்டுவதற்குச் சிட்டு எட்டிப் பாய வேண்டும். குஞ்சின் வாய்க்குள் அதன் தலை பாதி போய்விடும்.

"பாருங்கோ அம்மா, அம்மாவை விடப் பெரிசு. சாப்பாடு கேக்க வெக்கமில்லை," என்றாள் ஜெனாட்.

"உனக்கு வெக்கமிருக்கோ?"

"எனக்கு ஏன்? நான் சின்னன்தானே."

மதாம் வேலியோரம் வந்து ஏதோ நீளமாகச் சொன்னார். என் பிரெஞ்சு கடையில் சாமான் வாங்கக் காணும், அதற்கு மேல் இல்லை. ஜெனாட்தான் மொழிபெயர்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரிய மனுசிபோல்.

"அது இந்தச் சிட்டின்ர பிள்ளை இல்லையாம். வேற குருவி வந்து முட்டையை இதின்ர கூட்டுக்குள்ள போட்டிட்டுப் போயிட்டுதாம். இது தன்ர பிள்ளை எண்டு நினைச்சு வளர்க்குதாம்."

"நினைச்சு எண்டு அவவுக்கு என்னெண்டு தெரியும்? தெரிஞ்சும் வளர்க்கலாம்தானே," என்றேன்.

ஜெனாட் அதை மதாமிடம் சொல்லவில்லை. மதாம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"பேந்து ஒரு நாள் தன்ர ஆக்களின்ர சத்தம் அதுக்குக் கேக்குமாம் அம்மா. கேட்ட உடன போயிடுமாம். ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லையாம்."

"போயிட்டு வராதோ?"

அவள் கேட்டுச் சொன்னாள். "வராதாம்."

"அப்ப வளர்த்தது என்ன செய்யும்? கேள்."

அதையும் கேட்டாள். மதாம் தோளைக் குலுக்கிச் சிரித்தார். ஜெனாட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்டும் செய்யாதாம். வேற முட்டை போடுமாம்."

அந்தப் பதிலில் யாருடைய தவறும் இல்லை. மதாம் குருவியைப் பற்றித்தான் சொன்னார். பிள்ளை மொழிபெயர்த்தது மட்டும்தான். எனக்குப் பிள்ளை பிறக்காது என்று எத்தனை வைத்தியர்கள் எவ்வளவு சாந்தமாகச் சொன்னார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த நாள்தான் பூனை வந்தது. தொலைபேசியும் வந்தது.

முதல்முறை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை அடிக்கும்போது குசினிக்குள் போய் முதலில் அடுப்பை அணைத்தேன், பிறகு எடுத்தேன். வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி. தன் கைபேசியில் எடுத்திருந்தார். "மாக்கிரட்டோ? சஜிதாவின்ர அக்காவோ?" என்றார். ஓம் என்றேன். கொஞ்சம் பொறுங்கோ என்றார். நான் கதிரையை இழுத்து யன்னலுக்கு நேரே இருந்தேன். வெளியே ஜெனாட் புல்லில் முழங்காலிட்டுக் குஞ்சுக்குக் காவல் இருந்தாள். சிட்டு திரும்பி வந்து ஊட்டிக்கொண்டிருந்தது.

நீண்ட அழைப்பு இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு, பொங்கி வழிந்த பருப்பை அடுப்பிலிருந்து துடைத்தேன். காய்ந்துபோய் இருந்தது. கரண்டியால் சுரண்டி எடுத்தேன்.

பின்னேரம் அருமைநாதன் லொங்குய்யில் வேலை முடித்து வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்.

"என்ன?"

"வவுனியா ஆஸ்பத்திரியில இருந்து ஒரு சிஸ்டர் எடுத்தவ."

"சஜிதாவோ?"

நான் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான். ஒரு சொல் சொல்லவில்லை. அவர் சப்பாத்தோடே உள்ளே வந்து கதிரையில் இருந்தார். பிறகு அவர்தான் ஜெனாட்டைக் கூப்பிட்டு மடியில் இருத்திச் சொன்னார். அவள் அழவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அண்டைக்கு மேசைக்குக் கீழ கனநேரம் கதைச்சிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

உங்களிடம் வந்தபோதும் நான் பொய் சொல்லவில்லை, சுவாமி. நினைத்துப் பாருங்கள். "ஆத்துமப் பூசைக்கு ஒரு பெயர்," என்றேன். பெயரைச் சொன்னேன். "எப்ப நடந்தது?" என்று கேட்டீர்கள். அழுதேன். நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு ஞாயிறும் பீடத்திலிருந்து எத்தனை பெயர்கள் வாசித்தீர்கள். யாரிடம் சான்று கேட்டீர்கள். கேட்டிருக்கவும் முடியாது. எங்கள் சனத்தில் பூசையில் பெயர் வாசித்தால் ஆள் முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் தேடமாட்டார்கள். தேடுவது ஆத்துமாவை அலைக்கழிப்பது என்பார்கள்.

அன்டன் ஒருவன்தான் தேடினான். சஜிதாவின் கணவருடைய தம்பி, ஜெனாட்டுக்குச் சித்தப்பா. பூசை முடிந்து இதே மண்டபத்தில், இதே மேசைக்குப் பக்கத்தில் என்னை மறித்தான்.

"மாக்கிரட் அக்கா, எந்த சிஸ்டர் எடுத்தது? பேர் என்ன?"

"லைன் சரியில்லை அன்டன். பேர் விளங்கேல்லை."

"உடம்பைக் கண்டவையோ? காணாமப் பேர் குடுக்கலாமோ? நான் இன்னும் விசாரிச்சுக்கொண்டிருக்கிறன். அவசரப்பட்டிட்டியள்."

"எத்தினை பேருக்கு உடம்பு கண்டவை?" என்று கேட்டேன்.

அவனுடைய அண்ணனுக்கும் உடம்பு கிடைக்கவில்லை. அவன் தேத்தண்ணி குடித்த வெள்ளைக் காகிதக் கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். பிறகு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா," என்றான். என்னிடம் அவன் மன்னிப்புக் கேட்டான். பெண்கள் வந்து என் கையைப் பிடித்தார்கள். "இனி நீதானே தாய்," என்றாள் ஒருத்தி. அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு என்ன வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பசி வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். ரோல்ஸ் நல்லாயிருக்கு என்றும் சொன்னேன்.

அந்த வாரமே வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை மாற்றினேன். விளம்பரக்காரர்களின் தொல்லை என்று கணவரிடம் சொன்னேன். விளம்பரக்காரர்கள் எடுப்பது உண்மைதான்.

கொழுத்த குஞ்சு சில நாட்கள்தான் இருந்தது. ஒரு காலை, தெருவோர மின்கம்பியில் ஒரு கூட்டம் வந்து இறங்கி, தண்ணீர் கொப்பளிப்பதுபோல் சத்தம் போட்டது. குஞ்சு புல்லில் நின்று தலையைச் சரித்துக் கேட்டது. பிறகு எழும்பியது. அவ்வளவு கனமான ஒன்று அவ்வளவு லேசாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. சிட்டு வாயில் ஒரு தினையோடு வந்து, அது இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"போயிட்டுது அம்மா," என்றாள் ஜெனாட். அவளுக்குச் சந்தோஷம். "அதுக்குத் தன்ர ஆக்களைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சிருக்கு."

நான் யன்னலைச் சாத்தினேன்.

இவ்வளவும் நடந்தும் என்னால் இருக்க முடிந்தது. கோடை முடிந்தது, இலை கொட்டியது, பெட்டியில் விதை நிரப்பினேன். நேற்றுத்தான் முடியாமல் போனது. நாளைக்கு இறந்தவர்களின் படங்களைப் பிள்ளைகள் பீடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நீங்கள் அறிவித்தீர்கள் அல்லவா. ஜெனாட் தாயின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குசினிக்கும் முன் கதவுக்கும் இடையில் நடந்து பழகினாள். நிமிர்ந்து, மெதுவாக, மற்றப் பிள்ளைகளோடு இடிபடாமல். நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

"பெரியம்மா," என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சொல். படத்தைப் பார்த்ததே போதுமாக இருந்திருக்கிறது. "அம்மா மோட்சத்தில இருந்து பாத்தா என்னை அடையாளம் தெரியுமோ? எனக்குப் பல்லெல்லாம் மாறியிட்டுதே."

தெரியும் என்றேன். அவள் மறுபடியும் நடக்கத் தொடங்கினாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

ஆகவே அந்தத் தொலைபேசியை மறுபடியும் எடுக்கிறேன், சுவாமி. கன்னியாஸ்திரி கொஞ்சம் பொறுங்கோ என்றார். "காலில காயம், ஆனா தப்பியிட்டா. ஆறின உடன செட்டிகுளம் முகாமுக்கு அனுப்புவினம். கனநேரம் கதைக்க ஏலாது. இந்தாங்கோ," என்று கைபேசியைக் கைமாற்றினார்.

"அக்கா," என்றாள் சஜிதா.

பலவீனமாக இருந்தது. ஆனால் அவள் குரல்தான். அந்தக் குரலை ஜெனாட் மட்டுமா அறிவாள், தங்கையையும் தூக்கி வளர்த்தவள் நான்.

"அக்கா, நான் இருக்கிறன். ஜெனாட் எங்க? கதைக்க வேண்டாம், ஒருக்கா அவளின்ர சத்தத்தைக் கேக்க விடுங்கோ. காணும்."

ஜெனாட் யன்னலுக்கு வெளியே இருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவள் ஓடி வருவாள். ரிசீவரைப் பறிப்பாள். மேசைக்குக் கீழே போவாள். இந்த முறை வெளியே வரும்போது யாராக வருவாள் என்று எனக்குத் தெரியும். பிரச்சினையும் முடிந்துவிட்டது. முடிந்த உடன் தா என்றுதானே சொல்லித் தந்தாள்.

அந்த நாட்களில் இங்கே பன்றிக் காய்ச்சல். டிவியில் அதுதான் பேச்சு. அந்த ஆஸ்பத்திரியிலும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். அதனால் நான் அதிகம் விளக்க வேண்டி இருக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், எவ்வளவோ பார்த்தார்கள் என்றேன். சிட்டு எட்டிப் பாய்ந்து ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் கத்தவில்லை. பின்னால் யாரோ, முடிச்சிட்டுத் தாங்கோ, ஆக்கள் நிக்கினம் என்றார்கள். பிறகு சஜிதா, ஒரு தாய் கேட்கக்கூடிய கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"பிள்ளைக்குப் பூசை குடுத்தியளோ, அக்கா?"

"ஓம்," என்றேன்.

"நானும் இங்க குடுக்கிறன். அவளின்ர பேரை ஒவ்வொரு சகல ஆத்துமாக்களுக்கும் வாசிக்கச் சொல்லுவன்."

செட்டிகுளம் முகாமில் நாளைக்கு விடியும்போது ஒரு பூசை நடக்கும். அங்கே ஜெனாட்டின் பெயரை வாசிப்பார்கள். நான் இதைச் சொல்லாவிட்டால் இங்கே பின்னேரம் நீங்கள் சஜிதாவின் பெயரை வாசிப்பீர்கள். இருவரும் உயிரோடு, ஒருவருக்காக ஒருவர் முழங்காலில் இருப்பார்கள். அங்கேயும் சொல்லுங்கள், சுவாமி. உங்களுக்கு அங்கே ஆட்களைத் தெரியும்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினையுங்கள். ஆனால் ஒன்று. பூசை கொடுத்தேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன் அல்லவா. அந்த ஒரு சொல்லாவது பொய்யாகப் போய்விடக் கூடாது என்றுதான் அந்த ஞாயிறே உங்களிடம் வந்தேன். ஜெனாட் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதனால் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.